எல்லாப் படத்திலும் அதே கரும்புள்ளியா?



கோபுரத்தையும், பின்னே விரிந்த நீல வானத்தையும் ஆசையாகப் படம் எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால், வானத்தில் மங்கலாக ஒரு கரும்புள்ளி! பறவையோ என்று நினைக்கிறோம். ஆனால் அடுத்த படத்திலும் அதே இடத்தில் புள்ளி. மறுநாள் மொட்டைமாடியில் எடுத்த படத்திலும் அதே இடம். அப்படியானால் குறை வானத்தில் இல்லை, கேமராவுக்குள் இருக்கிறது!

லென்ஸைக் கழற்றி மாட்டும் டிஜிட்டல் கேமராக்களில், ஒளியைப் படமாக்கும் 'சென்ஸார்' உண்டு. லென்ஸை மாற்றும்போது தூசி உள்ளே போய்விடுகிறது. அது சென்ஸாரின் மேலேயே படிவதில்லை. அதற்குக் காவலாக முன்னே நிற்கும் மெல்லிய கண்ணாடியில்தான் படிகிறது. லென்ஸின் துவாரம் அகலமாக இருக்கும்வரை அதன் நிழல் தெரியாது. எஃப் 16, எஃப் 22 என்று துவாரம் குறுகும்போதுதான் பளிச்சென்று விழும்.

நம் மனசும் அப்படித்தானே? வசதியான நாளில் தெரியாத அழுக்கு, நெருக்கடி வந்ததும் வெளியே வந்துவிடுகிறது.

சரி, தூசியை எப்படிப் போக்குவது? 2003-ல் வந்த ஒலிம்பஸ் இ-1 கேமரா, கண்ணாடியை அதிரச் செய்து தூசியைத் தானே உதறியது. இன்று பல கேமராக்களில் அந்த வசதி உண்டு. முதலில் அதைச் செய்யுங்கள். போகவில்லையா? பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, மெனுவில் சென்ஸாரைச் சுத்தம் செய்யும் முறையைத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கேமராவின் வாயைத் தரை நோக்கிப் பிடித்து, கையால் அமுக்கும் ரப்பர் பம்ப்பால் காற்றடியுங்கள். அதன் முனை உள்ளே எதிலும் படக்கூடாது.

வாயால் மட்டும் ஊதிவிடாதீர்கள்! எச்சில் தெறித்தால் தூசியைவிடப் பெரிய கறையாகிவிடும். புடவைத் தலைப்பால் துடைக்கவே கூடாது. கீறல் விழுந்தால் போகாது. காற்றுக்குப் போகாத பிசுக்குக்கென்று தனித் துடைப்பானும் திரவமும் விற்கிறார்கள். கை பழகாதவர்கள் சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே நல்லது.

கடைசியாக ஒன்று. மாமியாரிடம் ஒரு குறை, மருமகளிடமும் அதே குறை, பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் அதே குறை தெரிகிறதா? அவர்களைத் திருத்தப் புறப்படும் முன், நம் கண்ணாடியைக் கொஞ்சம் பாருங்கள். அதிலும் கோபமாக ஊதினால் கறைதான் கூடும். பொறுமையாக, மென்மையாகத் தட்டிவிடுங்கள். தூசி மேலேதான் இருக்கிறது. உள்ளே இருப்பது கெடவில்லை.

பிறகு பாருங்கள், வானம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று!