தன் கட்சியும் பிறர் கட்சியும்

தான் நம்பாத ஒன்றை, நம்புகிறவனுக்குரிய உறுதியோடு அவை நடுவே நின்று, பரிசையும் கருதிப் பேசுவது தர்மத்துக்கு ஒத்ததா என்னும் வினா, வழக்கறிஞரையும் அரசியல்வாதியையும் நோக்கிப் பல தலைமுறைகளாக எழுப்பப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அதே வினாவை 11, 12 வயதுள்ள ஒரு குழந்தையை முன்னிட்டுக் கேட்கும்போது அதன் கனம் பெருகிவிடுகிறது. வளர்ந்தவனுடைய கொள்கை, நல்லதோ கெட்டதோ, ஏற்கெனவே உருப்பெற்றுவிட்டது. நாக்கு பிறழ்ந்தால் அவன் மனச்சாட்சி அதை அறியும். குழந்தைக்கோ, மனச்சாட்சி உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்திலேயே நாவன்மையையும் கற்றுக்கொடுக்க முற்படுகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நடக்கும் நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில், பந்தாட்டக் குழுவுக்குள்ள பயிற்சியாளரும் மாலைப் பயிற்சியும் வார இறுதிப் போட்டிகளும் வெற்றிக் கோப்பைகளும் குறைவின்றி அமைந்த பேச்சுக் குழு ஒன்று இருக்கும். இத்தகைய போட்டிகளை அந்நாட்டில் பெருமளவில் ஒழுங்குபடுத்தும் சங்கம், விஸ்கான்ஸின் மாநிலத்து ரிப்பன் கல்லூரியின் ஆசிரியரான புரூனோ ஜேக்கப் என்பவர் 1925-ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளுக்காகத் தோற்றுவித்தது. நேஷனல் ஃபாரென்ஸிக் லீக் என்று வழங்கிவந்த அது, 2014 முதல் நேஷனல் ஸ்பீச் அண்ட் டிபேட் அசோஸியேஷன் என்னும் பெயரோடு, நடுநிலைப் பள்ளிச் சிறுவர் சிறுமியரையும் தன்னுள் சேர்த்துக்கொண்டு நடைபெறுகிறது. தானே எழுதி மனப்பாடம் செய்த பிரசங்கத்தைப் 10 நிமிஷத்துக்குள் நிகழ்த்துவது ஒரு பிரிவு. ஒரு கதையின் அல்லது நாடகத்தின் பகுதியை, வேஷமும் அரங்கப் பொருள்களும் இல்லாமல், குரலாலும் முகபாவத்தாலும் மட்டுமே நடித்துக் காட்டுவது இன்னொரு பிரிவு. உலக விவகாரங்களைப் பற்றிக் குலுக்கலில் வந்த கேள்விகளுள் ஒன்றைத் தேர்ந்து, 30 நிமிஷம் ஆயத்தம் செய்து 7 நிமிஷம் பேசுவது மற்றொரு பிரிவு.

இவற்றில் தர்மசங்கடம் எதுவும் இல்லை. முதற்பிரிவில் குழந்தை தன் சொந்தக் கருத்தையே சொல்கிறது. அரிச்சந்திர நாடகத்தில் விசுவாமித்திரராக வேஷம் கட்டியவரைக் கொடியவர் என்று யாரும் ஏசாததுபோல, நடித்துக் காட்டும் பிரிவிலும் பொய் என்னும் பேச்சுக்கு இடமில்லை. சங்கடம் தோன்றுவது, பேச்சுக் குழுவோடு பெரும்பாலும் சேர்ந்தே வரும் வாதப் போட்டியில்தான். அதில் ஒரு வகையில் இரண்டிரண்டு பேராக எதிர்நிற்கும் மாணவர்கள், தீர்மானத்தை ஆதரிக்கப் போகிறவர் யார், மறுக்கப் போகிறவர் யார் என்பதற்கே நாணயத்தைச் சுண்டுகிறார்கள். காலையில் ஓர் அறையில் ஆதரித்ததை நண்பகலில் வேறோர் அறையில் எதிர்க்க நேர்கிறது. இரண்டு வேளையும் அதே முகத்தோடும் அதே ஊக்கத்தோடும் பேசியாக வேண்டியிருக்கிறது.

இதனைக் கண்டு அந்நாட்டு ஆசிரியர்களே கலங்கிய காலம் உண்டு. 1954-55-ஆம் கல்வியாண்டில், கம்யூனிஸ்டுச் சீன அரசாங்கத்தை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்பது கல்லூரிகளுக்குரிய வாதப் பொருளாக ஏற்பட்டபோது, தரைப்படைக் கழகமும் கடற்படைக் கழகமும் தம் மாணவர் அதில் பங்குகொள்வதைத் தடுத்துவிட்டன. அரசியல் அச்சத்திலிருந்து பிறந்த அந்தச் சர்ச்சை விரைவிலேயே அறநெறி பற்றிய விசாரணையாக மாறியது. ரிச்சர்டு மர்ஃபி என்னும் பேராசிரியர் 1957-இல் எழுதிய கட்டுரையில், மேடைப் பேச்சு என்பது ஒருவன் பொதுமக்கள் முன்னிலையில் தன் நிலையை அறிவிப்பதாகும் ஆதலால், அவன் முதலில் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்து, பின்னர் அந்த முடிவை மட்டுமே பேசுதல் வேண்டும் என்று வாதித்தார்.

அவருடைய கவலை மிகப் பழமையானது. கி.மு. 155-இல் ஏதென்ஸ் நகரத்தார் ரோமாபுரிக்குத் தூதனுப்பிய தத்துவ ஞானிகளுள் ஒருவரான கார்னியாடீஸ், ஒரு நாள் நீதியைப் போற்றிப் பேசிக் கேட்டவரை உருக வைத்துவிட்டு, மறுநாள் அதே திறமையோடு அந்நீதியைத் தகர்த்துக் காட்டினார் என்றும், இளைஞர் கூட்டம் அவரிடம் மயங்குவதைக் கண்ட முதியவர் காட்டோ, அத்தூதுவரை விரைவில் ஊருக்கு அனுப்பிவிடும்படி ஆட்சிமன்றத்தை வற்புறுத்தினார் என்றும் வரலாறு கூறுகிறது.

பொய் என்பது கேட்பவனை ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்லப்படுவது. கட்சி நாணயத்தால் நிர்ணயிக்கப்பட்டது என்பதை நடுவரும் எதிராளியும் பெற்றோரும் அறிந்திருக்கும் அவையிலே ஏமாறுவார் ஒருவரும் இல்லை. ஆகவே பொய் என்னும் குற்றச்சாட்டு அங்கே நிலைக்காது. ஆனால் காட்டோ அஞ்சியது பொய்க்கு அன்று. எதையும் எப்படியும் நிலைநாட்டிவிடலாம் என்று கண்டுகொண்ட இளைஞன், நிலைநாட்டத் தக்கது எதுவுமே உலகில் இல்லை என்று முடிவு கட்டிவிடுவானோ என்பதே அவர் அச்சம். அதற்கு விடை சொல்லாமல் குழந்தையைக் குழுவில் சேர்ப்பது பொறுப்பாகாது.

நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரம் இவ்விஷயத்தில் நமக்குத் துணைநிற்கிறது. கௌதமருடைய நியாய சூத்திரம், உண்மையை அறியும் பொருட்டு நிகழும் உரையாடலை வாதம் என்றும், வெற்றியைக் கருதிச் செய்யும் போரை ஜல்பம் என்றும், தனக்கென ஒரு கொள்கையை நிறுவாமல் பிறர் கொள்கையை உடைப்பதொன்றையே வேலையாகக் கொண்டதை விதண்டை என்றும் பிரித்துக் காட்டுகிறது. பின்னிரண்டையும் அது அறவே விலக்கிவிடவில்லை. முளைத்த பயிருக்கு முள்வேலி எப்படியோ, தெளிந்த உண்மைக்கு அவை அப்படிக் காவலாகும் என்று இடங்கொடுக்கிறது. பள்ளிப் போட்டி, சந்தேகத்துக்கு இடமின்றி, ஜல்பத்தைச் சேர்ந்தது. வென்றவனுக்கு 6 புள்ளியும் தோற்றவனுக்கு 3 புள்ளியும் அளித்து, உழைப்புக்கும் ஒரு மதிப்பு உண்டென்று அச்சங்கம் காட்டினும், எது உண்மை என்று எந்த நடுவரும் தீர்ப்பெழுதுவதில்லை. வேலி போடக் கற்பிக்கிறார்கள். பயிர் இருக்கிறதா என்று கேட்பது அவர்கள் வேலையன்று.

ஆனால் பிறர் கட்சியைப் பேசுவதே பயிருக்கு எருவாவதும் உண்டு என்பதற்குச் சைவ சித்தாந்த மரபே சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாக வகுத்து, முன்னதில் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாக 14 மதத்தாருடைய கொள்கைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அந்த மதத்தான் வாயிலிருந்தே வருவதுபோல முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுதலை கூறுகிறார். சிவத்தையன்றி வேறொன்றை அறியாத அந்த ஞானி, கடவுளே இல்லை என்பவனுடைய வாதத்தை எழுத உட்கார்ந்தபோது, அவர் நாவோ நெஞ்சோ தீட்டுப்பட்டதென்று எந்தச் சைவரும் கருதியதில்லை. எதிரியின் கொள்கையை அவனே ஒப்புக்கொள்ளும்படி கூற இயலாதவனுக்கு அதனை மறுக்கும் அதிகாரம் இல்லை என்னும் நேர்மையே பூர்வபக்ஷம் என்னும் முறைக்கு அடிப்படை.

மர்ஃபியின் ஆட்சேபணை, பேசுகிறவனிடம் தேர்ந்து தெளிந்த ஒரு கொள்கை முன்னமே இருக்கிறது என்றோ, பேசத் தொடங்குமுன் அதை அவன் அடைந்துவிட முடியும் என்றோ வைத்துக்கொள்கிறது. 12 வயதுக் குழந்தையிடம் இருப்பதோ தந்தையும் தாயும் உணவு வேளையில் பேசிக்கொண்டவற்றின் எச்சம். அதற்கு மாறான ஒன்றைத் தன் குரலில், தன் முயற்சியால் தொகுத்த காரணங்களோடு சொல்லிப் பார்க்கும் வரையில், வீட்டில் கேட்டது ஓர் அபிப்பிராயம் என்பதையே அக்குழந்தை அறிவதில்லை. உலகமே அப்படித்தான் என்று எண்ணியிருக்கும். மாற்றுக் கட்சியைப் பேசியபின் மீண்டும் பழைய கருத்துக்கே வந்து சேர்ந்தாலும், இம்முறை அது இரவலன்று, சொந்தம்.

ஆயினும் அருணந்தியார் பரபக்கத்தோடு நூலை முடித்துவிடவில்லை, தம் கொள்கையை நிறுவும் சுபக்கமும் எழுதினார். போட்டியோ பரபக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கேதான் அதன் குறை. இந்தக் குறைக்கு மருந்தும் அதே குழுவில் இருக்கிறது. இரு கட்சியும் மாறி மாறிப் பேசப் பழகும் ஒவ்வொரு மாணவனும், ஆண்டுக்கு ஒரு முறையேனும், தானே எழுதும் பிரசங்கப் பிரிவில் நின்று, யாரும் நாணயம் சுண்டித் தராத ஒரு கருத்தைத் தன் பெயரால் சொல்ல வேண்டும் என்று பயிற்சியாளர் விதித்துவிடுவாரானால், நாவன்மை விதண்டையாகச் சீரழியும் அபாயம் பெரிதும் நீங்கும். அப்பிரசங்கத்துக்குப் பரிசு கிடைக்காமற்போகலாம். பத்து நிமிஷத்தில் அக்குழந்தை பாதிக்கு மேல் தடுமாறவும் செய்யலாம். தடுமாற்றம், தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்பவனுக்கு உரியது. நாணயம் கொடுத்த கட்சியை எடுத்துரைப்பவனுக்கு அந்தப் பாரம் இல்லை.

அத்தகைய நிபந்தனையோடு ஒரு குழந்தை பேச்சுக் குழுவில் சேருவது தர்மத்துக்கு விரோதமன்று என்பது மட்டுமல்ல, தர்மத்துக்கு வேண்டிய பயிற்சிகளுள் ஒன்று என்றே கூறத் துணியலாம். அமைச்சனுக்குரிய குணங்களை வரிசைப்படுத்திய திருவள்ளுவர் சொல்வன்மையை 65-ஆம் அதிகாரமாக வைத்து, இடைவெளி விடாமல் அடுத்த அதிகாரத்தையே வினைத்தூய்மைக்கு ஒதுக்கினார்; முன்னதைக் குழு கற்பிக்கட்டும், பின்னதைக் கற்பிக்கும் கடமை பெற்றோரையும் ஆசிரியரையும் விட்டு ஒரு நாளும் நீங்குவதில்லை.