ஜும்ஆ பயான்: ஃபிர்அவ்ன் பிரித்து வைத்த மக்கள்





ஃபிர்அவ்ன் செய்த குற்றம் என்ன? தன்னையே இறைவன் என்றான், ஆண் குழந்தைகளை அறுத்தான் என்று உடனே சொல்வோம். சூரத்துல் கஸஸின் 4வது ஆயத்தைப் பாருங்கள். குழந்தைகளைக் கொன்றதைச் சொல்வதற்கு முன்னாலேயே அல்லாஹ் வேறொன்றைச் சொல்கிறான். அவன் அந்த நாட்டு மக்களைப் பல பிரிவுகளாக ஆக்கி வைத்திருந்தான், அதில் ஒரு பிரிவைப் பலவீனப்படுத்தி வந்தான் என்கிறான். 'ஷியஅன்' என்பது அங்கே வரும் வார்த்தை. முதலில் மக்களைப் பிரித்தான். கத்தி பிறகுதான் வந்தது.

அந்த மிஸ்ரில் மேலே அரசன். அவனுக்குக் கீழே அமைச்சர்கள், கோயில் பூசாரிகள், படைத் தலைவர்கள். அடுத்து எழுத்தர்கள், விளைச்சலை அளப்பதும் வரியைக் குறிப்பதும் கூலியைக் கணக்கெழுதுவதும் அவர்கள் வேலை. அடியில் விவசாயிகள், கல் உடைப்பவர்கள், அடிமைகள்.

வேலை பலவிதமாக இருப்பதில் தவறில்லை. எல்லோரும் எழுத்தராக இருந்தால் ரொட்டி யார் சுடுவது? ஆனால் அந்த நாட்டில் எழுத்துப் பழகும் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு பாடம் இருக்கிறது. கொத்தனார், குயவர், செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், மீன் பிடிப்பவர் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, அவர்கள் பிழைப்பை இழிவாகக் காட்டி, எழுத்தர் வேலைதான் உயர்வு என்று முடியும். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிப் பழகினார்கள். கேவலமாகப் பார்ப்பதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்!

இன்னொரு செய்தி. இது மூஸா நபி காலத்துச் செய்தி என்று நான் சொல்லவில்லை. அதே நாட்டின் செய்தி. மூன்றாம் ரமேசஸ் என்ற அரசனின் 29வது ஆட்சியாண்டு, கி.மு. 12ஆம் நூற்றாண்டு. இன்றைய லக்ஸர் ஊருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், அரசர்களுக்குக் கல்லறை குடையும் தொழிலாளர்கள் இருந்தார்கள். கூலி தானியம்தான். மாதத்திற்குத் தொழிலாளிக்கு ஐந்தரை மூட்டை, மேஸ்திரிக்கு ஏழரை. அந்தத் தானியம் வரவில்லை. பசி தாங்காமல் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதை எழுதி வைத்த பாப்பிரஸ் ஏடு இன்றும் இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசனின் கல்லறைக்குள் வைக்கத் தங்கம் இருக்கிறது, அதைக் குடைந்தவன் வீட்டு அடுப்புக்குத் தானியம் இல்லை.

மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களையும் ஹாரூன் அலைஹிஸ்ஸலாம் அவர்களையும் அந்தப் பிரமுகர்கள் மறுத்ததற்குச் சொன்ன காரணம் சூரத்துல் முஃமினூனில் வருகிறது: இவர்களுடைய சமுதாயமே நமக்கு ஊழியம் செய்கிறதே, இவர்களையா நம்புவது என்றார்கள். அற்புதத்தைப் பார்த்த பிறகும் கண்ணை மறைத்தது இந்த அந்தஸ்துதான்.

அதே மூஸா நபி ஃபிர்அவ்னின் அரண்மனையில் வளர்ந்தவர்கள். அல்லாஹ் அவர்களை மத்யனுக்கு அனுப்பி ஆடு மேய்க்க வைத்தான். அங்கே ஒரு பெரியவர் முன்கூட்டியே ஒப்பந்தம் பேசினார்: எட்டு வருஷம் வேலை, பத்தாக நிறைவு செய்தால் அது உங்கள் விருப்பம், உங்களைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்றார். முதலாளி பேசுகிற பேச்சைப் பாருங்கள்! ஃபிர்அவ்னிடம் போவதற்கு முன் அந்த நபி கற்று வந்த இடம் இது.

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்வதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவித்தார்கள், புகாரியில் இருக்கிறது. இங்கே கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், வீடு கட்டுபவர்கள் இருக்கிறீர்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் போன வாரக் கணக்கு பாக்கி இருந்தால், அஸருக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். "நாளைக்கு வா" என்று சொல்லாதீர்கள். வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தால், இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள்.

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.