அடைத்த நீரும் அடைத்தோர் கடனும்

ஆற்றுநீரை அணைகட்டித் தேக்கினோர், அதனைத் திறந்துவிடாமையால் நேரும் உயிர்ச்சேதத்துக்குப் பொறுப்பாளரோ அல்லரோ என்பது ஆராய்தற்குரியதொரு வினா. யாம் எவ்வுயிரையுங் கொன்றிலேம், வாளாவிருந்தேம் என்பாருமுளர். அக்கூற்றினை அமெரிக்க நாட்டுக் கிளாமத் ஆற்றின் வரலாற்றில் வைத்து நோக்குவாம்.

ஒறிகன் மாநிலத்திற் றோன்றிக் கலிபோர்ணியா வழியாகப் பசிபிக் கடலிற் கலப்பது இவ்வாறு. சால்மன் என்னும் மீன் (நம்மவருட் சிலர் இதனைத் தகரத்திலடைத்த பண்டமாக மாத்திரமே அறிவர்) நன்னீரிற் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுதற்குப் பிறந்த ஆற்றுக்கே மீண்டு, அங்கே உயிர்விடும்.

2001ஆம் ஆண்டு வறட்சியில் மீன்களின் பொருட்டு உழவர் பெரும்பாலார்க்கு நீர் மறுக்கப்பட்டது. பயிர் கருகிற்று, உழவர் கொதித்தெழுந்தனர். அவர் துயரைச் சிறிதென யாம் சொல்லேம். மறுவருடம் வயல்களுக்கு நீர் விடப்பட்டது. ஆற்றிலோ நீர் குறைந்தது. 2002 செப்டெம்பரிற் கடலினின்று ஏறிவந்த மீன்கள், ஆழங்குறைந்து வெம்மை மிக்க கீழாற்றில் மேற்செல்லமாட்டாது நெருங்கிக் கிடந்தன. வெண்புள்ளி நோயும் செவுளழுகலும் ஒன்றினின்று ஒன்றிற்குத் தாவின. 30,000க்கு மேற்பட்டவை மடிந்தன. அவற்றை நம்பி வாழும் யுறொக் மக்கள் கரையிற் கண்டது பிணக்குவியல்.

மழை பொய்த்தமையே காரணம் என்பது முழுவுண்மையன்று. அணையில்லா ஆறு வற்றுமாயின் அது எவர் செயலுமன்று. மதகின் திறவுகோலை ஒருவன் கையேற்றபின்னரோ, திறத்தல் போலவே திறவாமையும் அவன் செயலாகும். பிறனொருவனை அறையினுள் வைத்துப் பூட்டியவன், அவன் பசியால் இறந்தவிடத்து, யான் அவனுணவைப் பறித்திலேன் எனல் அமையுமோ?

உழவனும் பசிப்பவனன்றோ எனின், ஆம். ஆயின் உழவன் வழக்குரைக்க வல்லன். பிறிதோராண்டு விதைக்கவுங் கூடும். ஒருமுறையே முட்டையிட்டு மாயும் உயிர்க்கோ மறுவாண்டு என்பதில்லை. அன்றியும், கேட்கப்படுவது நீர் முழுதுமன்று. உரிய காலத்து உரிய அளவே. கிளாமத்தின் பெருங்கிளையாகிய திரினிற்றி ஆற்றின் அணையிலிருந்து 2003, 2004ஆம் ஆண்டுகளிற் கோடையிறுதியிலே குளிர்நீர் மிகுதியாக விடப்பட்டது; அவ்வாண்டுகளில் அத்தகைய பேரழிவு நேர்ந்திலது.

2024இற் கிளாமத்தின் நான்கு அணைகள் அகற்றி முடிக்கப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே, 1912க்குப்பின் முதன்முறையாக, கடலினின்று வந்த சால்மன் அவ்வணைகளுக்கு மேலுள்ள ஒறிகன் நீர்களிற் காணப்பட்டது. எனினும் மேலேரியின் நீரை அளந்துவிடும் அணை இன்னும் நிற்கின்றது. வறண்ட ஆண்டுகளில் வயலுக்கெவ்வளவு, ஆற்றுக்கெவ்வளவு என்னும் வழக்கும் அங்கு நிற்கின்றது.