காத்தலும் கைவிடுதலும்

அறம் என்னும் சொல்லைக் கேட்டதும் அரியணையையும் நீதிமன்றத்தையும் நினைத்துப் பழகிவிட்டோம். வீட்டு முற்றத்தில் வரிசையாக நிற்கும் செடித் தொட்டிகளின் நடுவிலும் அறக் கேள்வி ஒன்று எழக்கூடும் என்பதை நாம் எண்ணுவதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதே அக்கேள்வி. அத்திச் செடி ஒன்றைச் சான்றாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

'அத்தி பூத்தாற்போல' என்று நாம் வழங்கும் நாட்டு அத்தி வேறு. மேற்கு ஆசியாவிலும் நடுநிலக் கடற்கரை நாடுகளிலும் விளையும் சீமை அத்தி வேறு. பின்னதை மலாய் மக்கள் 'தீன்' என்பர். திருக்குர்ஆனின் 95-ஆம் அத்தியாயம் அதன் பெயரையே தாங்கி நிற்கிறது. அண்மைக் காலத்தில் மலேசியர் பலர் இச்செடியைத் தொட்டிகளில் விரும்பி வளர்க்கின்றனர். ஒரு செடியோடு தொடங்கியவர் பத்துக்குப் போவார்; பத்து நாற்பதாகும். பின்னர் இடம் போதாத நாள் வரும். முதுமையால் நீர்க்குடம் தூக்கக் கை மறுக்கும். நாற்பதைப் பத்தாகக் குறைத்தே தீர வேண்டும். எந்தப் பத்து?

நன்றாகக் காய்ப்பனவற்றை வைத்துக்கொள்க என்பது எளிய விடை. அதில் பெரும்பகுதி உண்மையும் உண்டு. மண்ணோடும் மழையோடும் ஒத்துப் போகாத வகையை வைத்துக்கொண்டு வருந்துவதில் பயனில்லை. பழத்தின் அடியில் உள்ள 'கண்' அகலத் திறந்திருக்கும் வகைகள் நம் நாட்டு மழையில் நீர் புகுந்து புளித்துப் போகும். கண் மூடிய வகைகள் ஓரளவு தாங்கும். ஸ்மிர்னா இன அத்திக்கோ மகரந்தம் சுமந்து வரும் அத்திக் குளவி வேண்டும். கலிபோர்னியாவில் அதனை நட்டவர்கள் பல்லாண்டு காய் உதிர்வதையே கண்டனர். 1899-இல் அக்குளவி அங்கு நிலைபெற்ற பின்னரே பழம் கனிந்தது. குளவியில்லாத முற்றத்தில் அவ்வினத்தை வளர்ப்பவர் இலையை மட்டுமே அறுவடை செய்வார்.

ஆயினும் பயன் ஒன்றே அளவுகோல் ஆகுமா? அத்தி வகை விதையால் தொடர்வதன்று. விதையில் முளைப்பது தாயைப் போல இராது. ஒரு வகை அவ்வகையாகவே நிலைக்க வேண்டுமாயின், போத்து வெட்டி நட்டோ பதியன் போட்டோ மனிதக் கை அதனை அடுத்த தலைமுறைக்குத் தர வேண்டும். யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்னும் இடத்தில் கிடைத்த கரிந்த அத்திப் பழங்கள் ஏறத்தாழ 11,400 ஆண்டுப் பழமையுடையன என்றும், மனிதர் போத்து நட்டு வளர்த்தவை என்றும் 2006-இல் ஆய்வாளர் சிலர் எழுதினர். நட்டு வளர்த்தவை என்பதை மறுப்போரும் உண்டு. எவ்வாறாயினும், இன்று நம் தொட்டியில் நிற்கும் செடி, யாரோ எவரோ கைமாற்றிக் கைமாற்றித் தந்த ஒரே உயிரின் தொடர்ச்சி என்பதில் ஐயமில்லை. கடைசிச் செடி பட்டுப்போனால் அவ்வகையும் அதனோடு முடிந்தது.

'முடிந்தால் என்ன? புதிய வகைகள் தோன்றுமே' என்று கேட்கலாம். நாளை எது தேவைப்படும் என்பதை இன்று அறிந்தவர் யார்? இங்கிலாந்தில் சாட்சுவொர்த்து மாளிகைக் கண்ணாடி இல்லத்தில் ஜோசப் பாக்ஸ்டன் வளர்த்த வாழை 1835-இல் பூத்தது. அம்மாளிகைக்குரிய குடும்பத்தின் பெயரால் அது 'கேவண்டிஷ்' எனப்பட்டது. அவர் அதனைப் பூட்டி வைக்கவில்லை. கன்றுகள் சமயத் தொண்டர் வழியே பசிபிக் தீவுகளுக்கும் சென்றன. நூறாண்டுக்குப் பின், 1950களில், அந்நாளில் உலகச் சந்தையை ஆண்ட 'குரோ மிஷெல்' வாழையைப் பனாமா வாடல் நோய் வீழ்த்தியபோது, வணிகம் கேவண்டிஷ் வாழையையே நாடியது. மாளிகையில் அழகுக்காக வளர்ந்தது உலகின் உணவாயிற்று. வளர்த்தவர் இதனை முன்னறிந்தாரா? இல்லை. அறியாமலே கொடுத்தார்.

ஆதலின், 'இதனை நான் விட்டால் வேறு யாரிடம் இருக்கும்?' என்னும் கேள்வி, 'இது இனிக்குமா?' என்னும் கேள்விக்குச் சற்றும் குறைந்ததன்று. ஊரெங்கும் உள்ள 'பிரௌன் டர்க்கி'யை ஒருவர் விடுவதால் உலகுக்கு இழப்பில்லை. வேறெவரிடமும் இல்லாத ஒன்றை விடுவது அத்தகையதன்று.

இங்கேதான் நெஞ்சம் நம்மை ஏமாற்றத் தொடங்குகிறது. 'அரியது' என்னும் சொல்லில் கடமையும் ஒலிக்கிறது, செருக்கும் ஒலிக்கிறது. பிறரிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்னும் இன்பத்தை, காக்கும் கடமை என்று பெயரிட்டு அழைத்துக்கொள்வது எளிது. அத்தியிலோ பெயர்க் குழப்பம் மிகுதி. ஒரே செடி பல ஊர்களில் பல பெயர் பெறும். இங்கிலாந்தில் 'பிரௌன் டர்க்கி' எனப்படுவதும் கலிபோர்னியாவில் அப்பெயரால் வழங்குவதும் வெவ்வேறு செடிகள். பெயர்ச்சீட்டு அரியதாக இருக்க, செடி எளியதாக இருப்பதும் உண்டு. சீட்டைக் காப்பவர் செடியைக் காப்பவர் ஆகார்.

கடமை எது, செருக்கு எது என்று பிரித்தறிய உரைகல் ஒன்று உண்டு. 'உங்கள் அரிய செடியில் ஒரு போத்து தருவீர்களா?' என்று யாரேனும் கேட்கும்போது மனம் மலர்கிறதா, சுருங்குகிறதா? அருமையை விரும்புவோன் அப்பொருள் என்றும் அரிதாகவே இருக்க வேண்டும் என்பான். பொருளை விரும்புவோன் அது பெருகி எளிதாக வேண்டும் என்பான். முன்னவன் கையில் செடி சிறையிருக்கிறது. பின்னவன் கையில் குடியிருக்கிறது. தன் கடமை தீர்ந்துபோக வேண்டும் என்று உழைப்பவனே உண்மைக் காவலன்.

மற்றொரு வகையும் உண்டு. சுவையில்லை, அருமையுமில்லை. மறைந்த துணைவியார் நட்டது என்பதே அதன் சிறப்பு. அதனை வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அன்புக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. ஆயினும் அன்பை அன்பென்றே சொல்ல வேண்டும். அதற்கு அறிவியல் ஆடை போர்த்த வேண்டா. பத்தில் ஒன்றை நினைவுக்கு ஒதுக்கியவர், எஞ்சிய ஒன்பதைத் தெளிந்த மனத்தோடு தேர்வார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காத்தல் என்பது நாள்தோறும் செய்யும் தொழில். நீர் வார்க்க வேண்டும். கவாத்து செய்ய வேண்டும். துரு நோய் கண்ட இலையைக் களைய வேண்டும். வேர் தொட்டியை அடைத்தால் மாற்றி நட வேண்டும். நாற்பதை வைத்து நாற்பதையும் வாடவிடுபவர் காவலர் அல்லர். அவரினும், முப்பதைப் பிறருக்குக் கொடுத்துப் பத்தைப் பேணுபவரே மேலானவர். எனவே கைவிடுதல் தவறன்று. கைமாற்றாமல் கைவிடுதலே தவறு. குறைக்கத் துணிந்தவர், அரியதெனக் கருதும் ஒவ்வொன்றிலும் போத்து எடுத்து வேரூன்றச் செய்து, ஒருவரிடமன்றிப் பலரிடம் தரட்டும். எங்கிருந்து வந்தது, எப்போது காய்த்தது என்று தாம் அறிந்ததை எழுதியும் தரட்டும். அதன்பின் தாய்ச்செடியைப் பிரிவதில் வருத்தம் இருக்கலாம், குற்றம் இராது.

மாணவரே, ஆசிரியப் பெருமக்களே! நம் இலக்கியமும் ஒருகாலத்தில் இவ்வாறே போத்தால் வாழ்ந்தது. ஏடு சிதையுமுன் மற்றோர் ஏட்டில் படியெடுக்காத நூல் இறந்தது. ஏட்டைப் பூட்டி வைத்து வழிபட்டோரும் நம்மிடையே இருந்தனர். அவர்தம் பூட்டுக்குள் செல்லே நூலைப் படித்தது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது, அரியதை எளியதாக்கினார். இன்று அந்நூல்கள் எந்த நூலகத்திலும் கிடைக்கின்றன. அரிய ஏடு என்னும் பெருமை போயிற்று, நூல் பிழைத்தது. காத்தலின் நிறைவு அதுவே.