ஏற்றமும் சற்காரியவாதமும்

இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையின் வளைவுகளிலே, பின்னிருக்கையில் ஒருவரையும் மரக்கறி மூட்டையொன்றையும் சுமந்து திணறும் மோட்டார் சைக்கிளுக்கு, அதனிடத்தே இல்லாத சக்தியை மனிதன் புதிதாக அளித்துவிடக் கூடுமோ என்னும் வினா, கராஜுக்குரியதெனத் தோன்றினும், தத்துவ விசாரணைக்கும் உரியதேயாம்.

காரியம் காரணத்திலே சூக்குமமாய் முன்னரே உள்ளதென்பது சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் உடன்பட்ட சற்காரியவாதம். அவ்வாறன்று, காரியம் புதிதாகவே பிறக்கின்றதென்பர் நையாயிகர். இவ்விரண்டையும் மோட்டார் சைக்கிளில் வைத்துப் பார்ப்போம்: முன் ஸ்ப்ராக்கெட்டின் 14 பற்களை 13 ஆக்கினால் பின்சக்கரத்தின் இழுப்பு ஏறத்தாழ 8 சதவீதம் மிகுகின்றது. ஆயின் அதே சுழற்சியில் வேகம் 7 சதவீதம் குறைந்துவிடுகின்றது. எஞ்சினின் சக்தியோ அணுவளவும் வளர்ந்திலது. இவ்வழக்கில் சைவ சித்தாந்தியாகிய மெய்கண்டாரின் பக்கமே வலுவுடையது என்பது என் துணிபு.

கார்புரேட்டரின் கதையும் இதுவே. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே காற்றின் அடர்த்தி கடற்கரையினும் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவாதலின், கொழும்புக்கு அமைத்த ஜெட் (பெற்றோல் பாயும் சிறுதுளை) இங்கே பெற்றோலை மிகையாகவே ஊட்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் நுனி கரிபடிந்து கறுத்திருக்கும். சிறிய ஜெட்டைப் பொருத்துதல் சக்தியைப் படைத்தலன்று. அதனை மறைத்திருந்த மலத்தை, சித்தாந்திகள் கூறும் அழுக்கை, நீக்குதலாம்.

அகன்ற சைலன்சரோ, (இளைஞர் பொறுத்தருள்க!) முழக்கத்தினால் மாயையையே விளைவிப்பது. மெல்லோட்டத்திலே புகையின் வேகம் தளர, இழுப்பும் பெரும்பாலும் குறைந்துவிடும். ஆதலின் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து அன்பர்கள் ஸ்ப்ராக்கெட்டையும் ஜெட்டையும் முதலிற் கவனிப்பாராக. சைலன்சருக்கு வைத்த காசு கையிலேயே இருக்கட்டும்.