எதிர்காற்றில் கழித்த நேரம்

நல்லதும் கெட்டதும் கடைசியில் நேராகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா? காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து வியாசர்பாடித் தெருக்களில் விற்ற என் ஆயா அதை முழுசாக நம்பினார். "மேடுன்னு இருந்தா பள்ளமும் இருக்கும்டா. சாமி கணக்குல எல்லாம் சரியாப் பூடும்" என்பார். அந்த நம்பிக்கைதான் அவரை நடக்க வைத்தது. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். மணலியில் ஓர் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் நான். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளப்பது என் பிழைப்பு. இந்தக் கேள்வியில் எனக்கு வழிகாட்டியது, என் சைக்கிள் ஹேண்டில்பாரில் இருந்து, மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டர்.

கிராங்கிலோ பெடலிலோ ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, கால் கொடுக்கும் விசையை நேராக அளக்கும் மீட்டர்கள்தான் அதிகம். 1986-ல் ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் தொடங்கிவைத்த வழி அது. என்னுடையது வேறு வகை. அது காலைப் பார்ப்பதே இல்லை, எதிர்ப்பைப் பார்க்கிறது. ஏற்றம் எவ்வளவு, டயர் உரசல் எவ்வளவு, காற்று எவ்வளவு தடுக்கிறது, வேகம் எவ்வளவு கூடியது என்று ஒவ்வொன்றாகக் கூட்டுகிறது. இத்தனையையும் மீறி வண்டி ஓடுகிறதென்றால் ஓட்டுகிறவர் இத்தனை வாட் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டுகிறது. சைவ சித்தாந்தமும் மணிமேகலை பேசும் பௌத்தமும் காட்சியோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட அனுமான அளவை இது. ஒருவர் பட்ட பாட்டை, அவர் எதை எதிர்த்தார் என்பதிலிருந்து அறிவது.

அனுமானம் சரியாக இருக்க மீட்டரைச் சீராக்க வேண்டும். அதன் முகப்பில் ஒரு சிறு துளை. அதில் மோதும் காற்றின் அழுத்தத்திலிருந்து காற்றின் வேகம் தெரிகிறது. 1732-ல் சேன் ஆற்றின் ஓட்டத்தை அளக்க ஆன்றி பித்தோ உண்டாக்கிய குழாயின் அதே தத்துவம். ஆலையில் அழுத்த வேறுபாட்டை அளக்கும் டி.பி. டிரான்ஸ்மிட்டருக்குச் சீரோ எடுக்கும்போது ஈக்வலைசிங் வால்வைத் திறந்து இரு பக்க அழுத்தத்தையும் ஒன்றாக்குவோம். சைக்கிள் மீட்டரில் அந்த வால்வு கிடையாது. உள்ளங்கையைக் குவித்துத் துளையில் காற்று படாமல் மறித்துக்கொண்டு பட்டனை அழுத்த வேண்டும். மறிக்காமல், காற்று வீசும்போதே சீரோ எடுத்தால் அந்தக் காற்று மீட்டரைப் பொறுத்தவரை இல்லாததாகிவிடும். அதற்கு எதிராக மிதித்த உழைப்பும் கணக்கில் ஏறாது.

அடுத்தது, என் உடம்பும் வண்டியும் காற்றில் எவ்வளவு இழுபடுகின்றன என்ற எண். ஞாயிறு விடியலில், கன்டெய்னர் டிரெய்லர்கள் குறைந்திருக்கும்போது, எண்ணூர் விரைவுச்சாலையில் வேகமெடுத்து மிதிப்பதை நிறுத்திவிடுவேன். முதுகை ஒரே வளைவில் வைத்து, வண்டி தானாக ஓய்வதை மீட்டர் பதிய விடுவேன். பக்கத்தில் ஒரு டிரெய்லர் கடந்தாலும் அது கிளப்பும் காற்றில் அந்த ஓட்டம் வீண்.

கடைசியாக, ஒரே சாலையில் போய்த் திரும்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும். எண்ணூர் போகையில் எதிர்காற்று, திரும்புகையில் பின்காற்று. காற்று மாறாமல் வீசினால், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வைத்துப் பார்க்கையில் இரண்டும் கழிந்துவிடும். கழியாமல் நிற்பது மீட்டரின் பிழை, அதைத் திருத்துகிறோம்.

தூரத்தால் எண்ணினால் ஆயா சொன்னது சரிதான். நேரத்தால் எண்ணிப் பாருங்கள். காற்றில்லாத நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர், அதே வாட் கொடுத்து, மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்காற்றில் போனால் வேகம் ஏறக்குறைய 24-க்கு இறங்கும். திரும்பும்போது 36-ஐத் தாண்டும். போக 10 கிலோமீட்டர், வர 10 கிலோமீட்டர் என்று வைத்தால், போவதற்கு 25 நிமிடம், வருவதற்கு பதினாறு, பதினேழு நிமிடம். காற்றில்லாத நாளில் 40 நிமிடத்தில் முடியும் பயணம் 41-ஐத் தாண்டுகிறது. அந்த நேரத்தில் ஐந்தில் மூன்று பங்கு எதிர்காற்றில் போகிறது. பாதிச் சாலைதான் கஷ்டம், ஆனால் பாதிக்கு மேல் நேரம் கஷ்டத்தில். மனுஷன் வாழ்வது நேரத்தில்தானே?

எங்கள் தெருவில் ஒரு பையன் மூன்று வருட டிப்ளமோவை ஐந்து வருடத்தில் முடித்தான். நடுவில் ராயபுரத்தில் லோடு இறக்கி வீட்டுக்குச் சோறு போட்டவன். "படிப்புதான் முடிஞ்சிடுச்சே, எல்லாம் நேராயிடுச்சு" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சேர்ந்த இடத்தைப் பார்த்துச் சொன்னது அது. அவன் காற்றோடு போராடிய இரண்டு வருடத்தை எந்தப் பின்காற்றும் திருப்பித் தரப்போவதில்லை.

அப்படியானால் சமயம் சொல்லும் சமன் பொய்யா? பொய் இல்லை என்றே நினைக்கிறேன். சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்றொரு நிலை உண்டு. நல்வினைப் பயனும் தீவினைப் பயனும் எடைக்கு எடை சமமாகிவிட்டன என்று அதற்குப் பொருள் கொள்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. இரண்டையும் விருப்பு வெறுப்பில்லாமல் ஒன்றாகப் பார்க்கும் பக்குவம் உயிருக்கு வாய்ப்பது என்ற விளக்கமே சரியாகப் படுகிறது. அந்தச் சமன் பார்க்கிறவரிடம் இருப்பது, வீசும் காற்றில் இல்லை. திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதியில் உட்காரும் நேரங்களில் நான் வேண்டுவதும் அதைத்தான். பெரும் செல்வத்தை உதறிவிட்டு வந்தவர் அவர். அவர் தன் மனசைத்தான் சமன் செய்தார். பசித்தவனிடம் போய் உனக்குப் பசியே இல்லை என்று சொல்லவில்லை.

ஆகவே அந்த ஒப்பை நான் எனக்குள் தேடலாம். இன்னொருவர் வாழ்க்கைக்கு அதைத் தீர்ப்பாகச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. "எல்லாம் சரியாப் போச்சு, பொறுத்துக்கோ" என்று சொல்வது காற்று வீசும்போதே சீரோ எடுப்பது. பக்தி அப்படிச் செய்யக் கூடாது. என் விருப்பு வெறுப்பை மறித்துச் சீரோ எடுத்தபின் துளையைத் திறந்துவிட வேண்டும்; அடுத்தவர் மேல் எவ்வளவு காற்று அடிக்கிறது என்பதை உள்ளபடி பார்க்க வேண்டும். பார்த்தபின், அவர் எவ்வளவு தூரம் வந்தார் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு நேரம் அதில் இருந்தார் என்று கேட்க வேண்டும்.