பெரியேரியில் யாருடைய சாமி?

சேலம் பெரியேரியில் உள்ள கோயிலுக்குத் தலைவெட்டி முனியப்பன் கோயில் என்று பெயர். உள்ளே இருப்பது முனியப்பன் அல்ல, புத்தர் என்று உள்ளூர் பௌத்த அறக்கட்டளை ஒன்று உயர் நீதிமன்றம் போனது. தொல்லியல் துறை போய்ப் பார்த்தது: அர்த்த பத்மாசனம், தியான முத்திரை, சுருள்முடி, தொங்கும் காது. துண்டான தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்துக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். 2022 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், சிலை புத்தருடையதே என்று ஏற்று, இடத்தை அறநிலையத் துறையிடமிருந்து தொல்லியல் துறைக்கு மாற்றினார். புத்தர் என்று பலகை வைக்க வேண்டும். மக்கள் வந்து பார்க்கலாம். பூசை, சடங்கு எதுவும் கூடாது என்பது உத்தரவு.

பலகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புத்தர் சிலைகள் ஊர்ச்சாமிகளாக மாறியதை மயிலை சீனி. வேங்கடசாமி 1940லேயே ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் எழுதிவிட்டார்.

சிக்கல் பூசையில்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டவள் சிற்ப இலக்கணம் பார்த்துக் கும்பிடவில்லை. கல் யாருடையது என்று ஆய்வாளர் சொல்லலாம். அவள் வேண்டுதல் செல்லாது என்று யார் சொல்வது? இந்த வாதம் நெஞ்சைத் தொடும், ஆனால் முழுதாக நம்பத்தக்கதல்ல. மக்கள் நம்பிக்கை ஒன்றே போதுமென்றால், பறித்துக்கொண்டது எதுவும் நாலு தலைமுறை கடந்ததும் புனிதமாகிவிடும். அம்பேத்கர் வழியில் பௌத்தம் தழுவியவர்களுக்கு அந்தக் கோணல் தலை பழம்பொருளல்ல, அவமானம். முனியப்பன் என்றால் பொதுவாகக் கிடாவும் கோழியும் வரும். கொல்லாமை போதித்தவர் முன்னால் அதை நியாயப்படுத்த முடியாது.

ஆனால் தீர்ப்பு அந்தப் பௌத்தருக்கும் புத்தரைத் தரவில்லை. முனியப்பனுக்குத் தடுக்கப்பட்ட ஊதுவத்தி புத்தருக்கும் இல்லை. ஒருவருடைய புனிதத்தை மீட்கப் போய் இருவருடையதையும் காட்சிப்பொருளாக்கியது சரியான நீதி ஆகாது. இதே மாவட்டத்தில், ஆத்தூர் பக்கம் தியாகனூரில், புத்தர் என்று தெரிந்தே ஊரார் புத்தரைக் கும்பிடுகிறார்கள். அங்கே உண்மையும் பக்தியும் மோதிக்கொள்ளவில்லை.

பெரியேரியிலும் பலகையை வைத்து, உயிர்ப்பலியை மட்டும் தடுத்து, பௌத்தரோ பழைய முனியப்பன் பக்தரோ, விளக்கேற்ற வருகிறவரை விட்டிருக்கலாம். எண்ணெயும் சந்தனமும் பழஞ்சிலையைக் கெடுக்கும் என்ற கவலை நியாயமானது. அதற்குச் சிலையை விட்டுத் தள்ளி ஒரு விளக்கு மேடை கட்டினால் போதும்.